இரண்டு சாயா நீளத்தில் ஒரு மன்னிப்பு

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் நேற்றுக் காலை கைபேசியில் செய்தி அனுப்பியிருந்தார்: ‘நானூற்றைம்பது வார்த்தை. மேலே ஒன்றுகூட வேண்டாம்.’ ஜூ டவுனில் காகிதக் கோப்பையில் சாயா குடித்துக்கொண்டே படித்தேன். மூன்று மடக்கில் கோப்பை காலி. பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை வந்தது. ‘எத்தனை சாயா வரும்?’ என்று பதில் போட்டுவிட்டேன். அவர் இன்னும் மறுமொழி தரவில்லை. உங்களுக்காவது விளக்கிவிடுகிறேன்.

நான் முதலில் வேலை பார்த்தது மட்டாஞ்சேரியில், மைதீன் இக்காவின் எழுத்துக்கடையில். கிடங்குகளுக்கு மூட்டை தூக்க வந்த தமிழர்களுக்குக் கடிதம், மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் எழுதிக் கொடுப்போம். எழுதுவது நான், நீளத்தைத் தீர்மானிப்பது இக்கா. அவருக்குப் பக்கமும் வரியும் அளவில்லை, சாயாதான். மனுவுக்கு அரைச் சாயா. கல்யாணத்துக்கு ஒன்று. பெண்டாட்டிக்கு என்றால் இரண்டு. இரங்கல் செய்தி, கிளாஸ் உதட்டைத் தொடுவதற்குள் முடிந்துவிட வேண்டும். நான் உரக்க வாசிப்பேன், அவர் குடிப்பார். காலி கிளாஸ் பெஞ்சில் இறங்கியதும், அடுத்த முற்றுப்புள்ளிக்குக் கீழே கத்தரி விழும்.

“சாயா தீந்தா கேக்கறவன் எந்திச்சுப் போயிருவான் மோனே. பின்னே ஆருக்கு எழுதுதே?”

வெட்டிய துண்டுகளைத் தேதி குறித்து பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பல் விழுந்த தேதிகளைக்கூடக் குறித்து வைத்திருப்பவன் நான்.

ஜூன் மாத இடவப்பாதி மழை தொடங்கும் முன், ஒரு புதன்கிழமை, சுக்குக் கிடங்கில் சுமடு எடுக்கும் செல்லத்துரை அண்ணன் வந்தார். மனைவி பேச்சியம்மாளின் மீன்கறியைவிட ஹோட்டல் கறி மேல் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். அந்த அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு சுரண்டைக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

“ஸ்கூல் தொறக்கதுக்குள்ள வரலேன்னா புள்ளைய அங்கனயே சேத்துருவா. நல்லா மன்னிப்புக் கேட்டு எழுது தம்பி” என்றார்.

உருகி உருகி எழுதினேன். ஆனால் அந்த வாரம் என் எழுத்துக்கு ஏதோ ஆகியிருந்தது. எதை எழுதினாலும் சாயாவுக்குள் அடங்கவில்லை. சாக்கடை நாற்றத்தை விவரித்த மனுவில் தெருவின் பெயர் வெட்டுப்பட்டது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மண்டபம் காணாமல் போனது. “நீ இப்ப ரொம்ப இழுக்குதே” என்றார் இக்கா. எனக்கே வெட்கமாக இருந்தது. செல்லத்துரை அண்ணனின் கடிதமும் வெட்டுப்பட்டுத் தபாலில் போயிற்று.

ஒன்பதாம் நாள் பேச்சியம்மாள் ஒரு கையில் பையும் மறு கையில் மகளுமாக நேரே கடைக்கு வந்து நின்றார். உறையின் பின்புறம் எங்கள் முத்திரை இருந்ததே! கடிதத்தை பெஞ்சில் அறைந்தார். அதன் கடைசி வரி இது: ‘அன்று உன் மீன்கறியைப் பற்றிச் சொன்னதை நான் மறக்கவில்லை.’

“மறக்கலையாமே! இதுல மீதி எங்க?”

“ரெண்டு சாயாவுக்கு இவ்வளவுதாம்மா” என்றார் இக்கா.

“சாயாவா? எம் பொழைப்பைச் சாயா கிளாஸ வச்சா அளந்தீரு?”

இக்காவின் முன்னால் அப்போதுதான் வந்திருந்த சாயாவைப் பேச்சியம்மாள் எடுத்து மடமடவென்று குடித்தார். கிளாஸைத் தூக்கி அடியை உற்றுப் பார்த்தார்.

“பாதி கிளாஸ் கண்ணாடியாத்தான இருக்கு!”

எதிர்ச் சாயாக்கடைச் சேட்டன் புதிதாக வாங்கியிருந்த கிளாஸ்கள் அவை. உயரம் பழையதுதான், அடி இரண்டு விரல் கனம். மட்டாஞ்சேரித் தமிழர்களின் சங்கதிகள் எல்லாம் பதினோரு நாட்களாக அந்தக் கனத்தால் குறுகிக்கொண்டிருந்தன. இக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். புதன்கிழமைத் துண்டை எடுத்து வாசித்தேன்: ‘மறக்க முடியாமல்தான் பேச்சி, அந்த ஹோட்டல் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை...’

பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். “இன்னொரு சாயா சொல்லும் வே. தம்பி, நீ மொதல்லேருந்து வாசி.”

மகள் அந்த வருடம் மட்டாஞ்சேரியில்தான் பள்ளியில் சேர்ந்தாள்.

எங்கள் பெஞ்ச் இப்போது ஜூ டவுன் பழம்பொருள் கடையொன்றில், டச்சுக்காரர் காலத்துப் பொருள் என்ற சீட்டோடு விற்பனைக்கு நிற்கிறது. சேட்டனின் கடையும் இல்லை, கிளாஸும் இல்லை. ஆசிரியர் இந்தக் கட்டுரையையும் வெட்டத்தான் போகிறார். துண்டைத் தேதி போட்டு டின்னில் வைப்பேன். பஸ் ஏறி வந்து, பெஞ்சில் அறைந்து, மீதி எங்கே என்று கேட்க இப்போது யாரும் இல்லை.