காரணம்: கீழே விழுந்தது

எங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல சீட்டு எழுதுறவளுக்கு மின்னல்னு பேரு வெச்சது நான்தான். நான் அங்க காயத்துக்குக் கட்டுப் போடுற நர்ஸ். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். பேரு, வயசு, வீட்டு நம்பர், எங்க காயம், அதுக்குக் காரணம், அஞ்சையும் எழுதி சீட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு "அடுத்து!"ன்னு அவ கூப்பிட அரை நிமிஷம் ஆகாது. கார்பன் நகல் எங்ககிட்ட இருக்கும்.

அந்த வேகத்துக்கு ஒரு குறுக்கு வழி வெச்சிருந்தா. காலையில வந்ததும் புதுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, காரணம்னு போட்ட இடத்துல எல்லாத்துலயும் 'கீழே விழுந்தது'ன்னு எழுதி வெச்சிடுவா. "பத்துல எட்டுப் பேரு அதைத்தானேடி சொல்றாங்க? வேற ஏதாவதுன்னா அடிச்சுட்டு எழுதிக்கலாம்"னு சொல்வா. மத்த ஷிஃப்டுக்காரங்களும் அதே புத்தகத்துல பேரை எழுதிக் கிழிச்சுக் கொடுத்துடுவாங்க. நானும் சிரிச்சுட்டுப் போனவதான். என்னைச் செருப்பால அடிக்கணும்.

மின்னலுக்கு உலகமே அவ தங்கச்சிதான். அம்மா போன பிறகு இவதான் வளர்த்து, படிக்க வெச்சு, கல்யாணமும் பண்ணிக் கொடுத்தா. "எங்க மாப்பிள்ளை அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு"ன்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. "போதும்டி, கண்ணு பட்டுடப் போகுது"ன்னு கிண்டல் பண்ணுவேன்.

போன மாசம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தாங்க. அடிதடி எங்க நடக்குது, யாருக்குத் திரும்பத் திரும்ப நடக்குது, யாரு தன்னைத்தானே காயப்படுத்திக்கிறாங்கன்னு தெரிஞ்சா, உயிர் போறதுக்கு முன்னாடியே உதவி அனுப்பலாம்னு சொன்னாங்க. பழைய சீட்டைப் புரட்டினவங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. "என்னம்மா இது, இந்த ஊர்ல ஒருத்தருக்கும் கால் தரையில நிக்காதா?" ஒரு வருஷத்து நகலையும் வீட்டு நம்பர்படி பிரிக்கிற வேலையை மின்னல் தலையிலயே கட்டினாங்க.

மூணாம் நாள் மத்தியானம் பதிவு அறைக்குள்ள போறேன், அவ பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கா. கையில ஆறு சீட்டு. ஆறும் ஒரே வீடு. ஐயோ, அவ தங்கச்சி வீடு! மணிக்கட்டு, உதடு, விலா எலும்பு. கடைசியா, பத்து நாள் முன்னாடி, கழுத்து. எல்லாமே மின்னலும் நானும் வேலை முடிஞ்சு போன பிறகு வந்தது. பேரை எழுதினது வேற வேற ஆளு. 'கீழே விழுந்தது' மட்டும் ஆறுலயும் இவ கையெழுத்து.

"கழுத்து எப்படிடி விழுந்து நெரியும்?"னு என்னைக் கேட்டா.

டாக்டரம்மாகிட்ட ஓடினோம். "வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுடாதீங்க. கழுத்துல கை வெச்சவன் அடுத்து கொன்னே போட்டுடலாம். அவன் இல்லாத இடத்துல பாருங்க"ன்னாங்க. தங்கச்சி வேலை பார்க்கிற தையல் கூடத்துக்கே போனோம். துணி வெட்டுற மேசைக்கிட்ட நின்னா. கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருந்தா, அந்தப் புழுக்கத்துல.

மின்னல் அந்த ஆறு சீட்டையும் மேசை மேல வெச்சா. "ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? நான் செத்தா போயிட்டேன்?"

தங்கச்சி கத்திரிக்கோலைக் கீழே வெச்சா. அப்புறம் சொன்னா: "முதல் தடவை உன்கிட்ட சொல்லத்தான்க்கா வந்தேன். நீ கிளம்பிட்டே. நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே சீட்டைக் கையில கொடுத்தாங்க. உன் எழுத்துல 'கீழே விழுந்தது'ன்னு இருந்துச்சு. உனக்கு எல்லாம் தெரியும், வெளியில சொல்லாதேன்னுதான் நீ எழுதி வெச்சிருக்கிறதா நெனச்சேன். அப்புறம் உன் முகத்தைப் பார்க்க முடியாம, நீ போன பிறகே வந்தேன்."

மின்னல் அப்படியே தரையில உக்காந்து தங்கச்சி காலைப் பிடிச்சுட்டா. நான் வெளிய போய் வண்டி பிடிச்சேன், அவளை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பாம எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக.