குதிரையில்லாத குளம்படி

போன வாரம் டிக்கோயாவில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பங்சர் ஒட்டும் கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் டியூபைத் தேய்த்து, சொலுசனைத் தடவி, வாயால் ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் இரண்டடி தள்ளி நகர்ந்துகொண்டேன். "என்னாங்க, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? இந்த வாடை ஒத்துக்காதா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். பங்சர் கடையில் நின்றுகொண்டு, பியானோ ஒன்றின் ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னால் மனுசன் என்ன நினைப்பார்?

உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இருபது வருசம் இருக்கும். அப்போது நான் சவுக்குமலைத் தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டர். ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கும் ஃபெக்டரிதான். எங்கள் பக்கம் அப்படித்தான் பேச்சு. கொழுந்து வாட்டும் தட்டுகளுக்குக் காற்றுத் தள்ளுகிற விசிறிகள் என் பொறுப்பு. எங்கே காற்று ஒழுகுகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. பாதி உண்மை. மீதி, நானே பரப்பியது. அந்தப் பெயர்தான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

தோட்டத்தின் பெரிய பங்களாவை அந்த வருசம் ஹோட்டலாக மாற்றினார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த மனேஜர் சிங்களவர், அரைகுறைத் தமிழ் பேசுவார், நல்ல மனிதர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பி, பின் ஹாலில் படங்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒன்றைத் திறந்து காட்டினார்.

"பாஸ், இது காத்துல வேலை செய்ற சாமான். நீங்க காத்து பாஸ்தானே?"

கைவேலை தெரிந்தவரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நடுவில் பியானோ. இரண்டு பக்கமும் ஆள் படுக்கிற நீளத்துக்கு இரண்டு பெட்டி. பேசாத படம் ஓடிய காலத்தில் கொழும்பில் ஏதோ ஒரு கொட்டகையில் இருந்ததாம். காகிதச் சுருளைப் பூட்டினால் பியானோ தானே வாசிக்கும். திரையில் குதிரை ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் ஒரு பிடியை இழுப்பார், குளம்படிச் சத்தம் வரும். இன்னொரு பிடிக்கு இடி. இன்னொன்றுக்குக் குருவி, மற்றொன்றுக்கு மணி. படங்கள் பேசத் தொடங்கியதும் அது வேலையற்றுப் போக, முன்னொரு துரை வாங்கி ரயிலேற்றி ஹட்டன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அதுவரை எனக்குத் தெரிந்த சங்கீதம், காமன் கூத்துக்கு அடிக்கிற தப்பு மட்டும்தான். இருந்தாலும் மூடியைக் கழற்றிப் பார்த்ததும் பயம் தெளிந்துவிட்டது. உள்ளே எல்லாம் துருத்தி. ஒவ்வொரு கட்டைக்கும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துருத்தி. காகிதத்தில் துளை வருகிற இடத்தில் காற்று புகும், துருத்தி சுருங்கும், கட்டை கீழே இறங்கும். எண்பத்துச் சொச்சம் துருத்தியும் உளுத்துப் போயிருந்தன. மழைக்கோட்டுத் துணி வாங்கி, அளவாக வெட்டி, பங்சர் சொலுசன் போட்டு ஒட்ட ஆரம்பித்தேன். தினமும் வேலை முடிந்து பகல் இரண்டு மணிக்குப் போவேன். மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவந்து ஜன்னலில் நிற்கும். அந்த ஹாலில் நான், துருத்திகள், சொலுசன் வாசனை.

ஸ்டோரில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. சலிக்கிற அறையில் வேலை செய்த பாக்கியம் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். கையிலிருந்த சல்லடையை வைத்துவிட்டு, "அந்தப் பங்களாவுலயா தம்பி? குதிர சத்தம் கேட்டுச்சா?" என்றார். மேல் லயத்தில், அதாவது மேல்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாருக்கும் தெரிந்த கதைதான் அது. செத்துப்போன பழைய துரை பொழுது சாய்கிற நேரம் பங்களாத் தோட்டத்தில் குதிரையில் வருவார் என்று. நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் பெட்டிக்குள் நான் பார்த்திருந்தேன்: பலகை மேல் தட்டுகிற இரண்டு மரக் கிண்ணங்கள். சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி. அக்காவிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் ஒட்டி முடித்தேன். சுருள்களில் எலிக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. அதுவும் முழுசாகத் தப்பவில்லை. ஸ்டோரில் கழித்துப்போட்ட சின்ன மோட்டார் ஒன்றைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டேன். கட்டைகள் இறங்கி ஏறின. ஆளில்லாமல். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து இடம் விட்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். எலி கடித்த ஓரம் வந்தபோது அதையும் பாட்டென்று நினைத்து, பத்துப் பேர் ஒரே நேரத்தில் கையை வைத்து அழுத்தியது போல் அலறியது. பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி மெட்டுக்குத் திரும்பியது.

போதுமென்று மோட்டாரை நிறுத்தினேன். கட்டைகள் நின்றன. துருத்தியில் மிச்சமிருந்த காற்று இறங்குகிற மூச்சு கேட்டது. அந்த மூச்சின் கடைசியில், பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிள்ளை அழுதது.

மெல்லிய குரல். பிறந்து கொஞ்ச நாளான பிள்ளை அழுமே, அப்படி. இழுத்து, இழுத்து, இறங்கி, விக்கி நின்றது.

திருப்புளியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஓடவில்லை. வேகமாக நடந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பூச்சட்டிகளுக்குப் பக்கத்தில் சவரிமுத்து மாமா நின்றுகொண்டிருந்தார். துரைமார் காலத்தில் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். வயதான பிறகு ஹோட்டலில் தோட்டவேலைக்கு வைத்திருந்தார்கள். கையில் தண்ணீர் வாளி. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"இன்னமும் இருக்கா அது?"

"என்னா மாமா அது? அழுவுற பிடின்னு ஒண்ணு உள்ள இல்லையே?"

"கெடையாது. அந்தப் புள்ள செத்த கெழமையில இருந்துதான் அழுவுது. அதுக்கு முந்தி இல்ல. தொரையே பயந்துபோயி மூடிப் பூட்டிட்டாரு."

"எந்தப் புள்ள?"

"பாக்கியத்துக்கிட்ட கேளு" என்றவர், வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கேட்டேன். பாக்கியம் அக்கா சலித்துக்கொண்டே சொன்னார். அப்போது அவருக்கு ஏழு வயதாம். தம்பி பிறந்து முப்பது நாள் ஆகவில்லை, பெயர்கூட வைக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. மேல் லயத்திலிருந்து டிஸ்பென்சரிக்கு பங்களாத் தோட்டம் வழியாக இறங்கினால் பத்து நிமிசம். ரோட்டைச் சுற்றினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். அம்மா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, இவரையும் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கு வழியில் இறங்கினார். பங்களா வேலியைத் தாண்டியதும் பனிக்குள்ளிருந்து குதிரை வந்தது.

"டக்கு டக்குன்னு நேரா எங்கள பாத்து வருது தம்பி. ஒண்ணும் தெரியல, சத்தம் மட்டுந்தான். அம்மா திரும்பிருச்சு. ரோட்ட சுத்திப் போனோம். பாதியிலயே தம்பி அழுகைய நிப்பாட்டிட்டான்."

சல்லடை நின்றுவிட்டிருந்தது.

"அதுக்கப்புறம் அம்மா ஒரே பேச்சுத்தான். பங்களாவுல எம்புள்ள அழுவுது, நான் கேட்டேன்னு. எல்லாரும் பைத்தியம்னாங்க. சாகுற வரைக்கும் அந்தப் பேருதான். நானே சொல்லியிருக்கேன், சும்மா கெட அம்மான்னு."

இரண்டு நாள் பெட்டியைக் குடைந்து கண்டுபிடித்துவிட்டேன். பியானோவோடு சில ஊதுகுழல்களும் உள்ளே இருந்தன. ஒவ்வொரு குழலின் வாயையும் ஒரு தோல் வில்லை மூடித் திறக்கும். சின்னக் குழல் ஒன்றின் வில்லையில் ஓரம் போயிருந்தது, எலி கடித்தது மாதிரி. மோட்டார் நின்று காற்று வடிகிறபோது அந்த இடுக்கால் கொஞ்சம் போய்க் குழலை ஊதியது. காற்று குறையக் குறையக் குரலும் இறங்கியது. அவ்வளவுதான். எனக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை அப்படியே தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன், ஏதோ அவருக்கு நல்லது செய்கிறவன் மாதிரி.

முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"எலி எப்பத் தம்பி கடிச்சுச்சு?"

இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது.

"இப்பவே சரி பண்ணிராதீங்க. ஞாயித்துக்கெழம நான் கூட்டிக்கிட்டு வர்றேன். எங்கம்மாவ பைத்தியம்னு சொன்னவங்க கொஞ்சப் பேரு இன்னும் இருக்காங்க."

மனேஜரிடம் கேட்டேன். லயத்து ஆட்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஹோட்டல் இன்னும் திறக்கவில்லை; வரட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு இருபது பேர் போல வந்தார்கள். பங்களாப் புல்லில் அனுமதியோடு அவர்கள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பனி இறங்கியதில் பின்னால் நின்றவர்கள் முகம் தெரியவில்லை. சவரிமுத்து மாமா சுவரோரம் நின்றார்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மோட்டாரைப் போட்டு, குளம்படிப் பிடியை இழுத்தேன். வெளியே கூட்டம் இரண்டு பக்கமும் விலகியது, வழி விடுகிற மாதிரி. பாக்கியம் அக்கா மட்டும் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று, பலகையில் தட்டிக்கொண்டிருந்த இரண்டு மரக் கிண்ணங்களையும் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா எங்கம்மா திரும்புச்சு?"

மோட்டாரை நிறுத்தினேன். மூச்சு இறங்கியது. பிள்ளை அழுதது. அதற்கு முன் எப்போதையும்விட நீளமாக அழுத மாதிரி இருந்தது எனக்கு.

வெளியே வயசான பெண்ணொருவர் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "அவ சொன்னது மெய்தான் சாமி. மெய்தான்" என்றார்.

அப்போது சவரிமுத்து மாமா உள்ளே வந்தார். பாக்கியம் அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார், கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை.

"அன்னைக்கிப் பிடிய இழுத்தது நாந்தான். இந்த ஜன்னல்ல இருந்து தொரை பாத்துக்கிட்டு நின்னாரு. குறுக்கால ஆளு வருது, இழுன்னாரு. நாலஞ்சு வருசமா அதான் வேல எனக்கு. வெளிய சொன்னா பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டே அனுப்பிருவேன்னாரு. ஒங்கம்மா கையில இருந்தத துணிமூட்டைன்னு நெனச்சேன்."

"அப்புறம் தெரிஞ்சிருக்குமே மாமா."

"தெரிஞ்சிச்சு."

"எங்கம்மா ஒங்க வீட்டு வாசலோடதான் தெனமும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அது பைத்தியமில்லன்னு நாங்க நம்பியிருப்போமே."

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்து, "அந்தத் தோலு எது தம்பி? இவரு கையால ஒட்டட்டும்" என்றார்.

புது வில்லையை வெட்டி வைத்திருந்தேன். சொலுசனை நான் தடவிக் கொடுத்தேன். மாமா வைத்தது இரண்டு தடவை தவறிப்போனது. மூன்றாம் தடவை குழலின் வாயில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார். காய்ந்தது போதும் என்று நான் சொன்ன பிறகும் விரலை எடுக்கவில்லை. சின்ன வாயொன்றைப் பொத்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மறுபடி ஓட்டி நிறுத்தினேன். மூச்சு இறங்கியது. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வராது என்று தெரிந்த பிறகும் யாரும் நகரவில்லை. அழுகை கேட்டபோது வந்ததைவிடப் பெரிய பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

ஹோட்டல் திறந்தது. குருவிச் சத்தத்துக்கு வெள்ளைக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்களாம், மனேஜர் சந்தோசமாகச் சொன்னார். சவரிமுத்து மாமா அந்த வருசமே போய்ச் சேர்ந்தார். பாக்கியம் அக்கா சாவு வீட்டுக்கு வந்து, கடைசி வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனார். பிறகு மகனோடு வத்தளைப் பக்கம் போய்விட்டார். ஹோட்டல் இரண்டு கை மாறியது. பியானோவை ஒரு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது, எங்கே என்று எனக்குத் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து மேல் லயத்தையே காலி பண்ண வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை புல்லில் நின்றவர்கள் மூலைக்கொருவராகச் சிதறிப்போனார்கள்.

போன வருசம் ஹோட்டலில் தண்ணீர் சுட வைக்கிற மெசினைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, வரவேற்பில் இருந்த பெண் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பொழுது சாய்கிற நேரம் தோட்டத்தில் குதிரையில் வருகிற துரை. நம் பக்கத்துப் பிள்ளைதான். திம்புள்ளையில் வீடு என்றது. அவர்கள் போன பிறகு மெதுவாகச் சொன்னேன், அந்தக் கதையில் ஒரு கைப்பிள்ளையும் இருந்தது என்று.

"தெரியும் அண்ணே, எங்க மாமி சொல்லியிருக்காங்க" என்றது அந்தப் பெண். "குதிரைன்னா ஆசையாக் கேக்குறாங்க. புள்ளைய சொன்னா ரூம் மாத்தித் தரச் சொல்றாங்க. அதனால மனேஜர் அத எடுத்துரச் சொல்லிட்டாரு."