வயது கேட்டுப் போன சந்திரா

நெய்வேலியில் சந்திரா குடியிருந்த பிளாக்கில் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பல்கலைக்கழகத்தில் எலி வளர்க்கிறாள் என்றார்கள் சிலர். கிழவனாகாமல் இருக்க மருந்து கண்டுபிடிக்கிறாள் என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் அவள் மறுத்ததில்லை. காலையில் முதல் ஷிஃப்டு ஆட்கள் மைன்ஸுக்குப் போன பிறகு, டிபன் டப்பாவோடு சிதம்பரம் பஸ் ஏறுவாள். மாலையில் திரும்பும்போது புடவையில் எலிக்கூண்டு வாசம் அடிக்கும். அம்மா சுப்புலட்சுமி, குளித்துவிட்டு உள்ளே வா என்று பின்கட்டு வழியாக அனுப்பிவிடுவாள்.

அப்பா மருதாசலம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். சுரங்கம் தோண்ட ஆரம்பித்த காலத்திலேயே வந்து சேர்ந்து ஃபோர்மேனாக உயர்ந்தவர். மகளை எம்.எஸ்ஸி. வரை படிக்கவைத்தார். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம், "படிச்சு முடிக்கட்டுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

சந்திரா சேர்ந்த ஆய்வகம், உடம்பு ஏன் மூப்படைகிறது என்பதை ஆராய்வதற்காகத் தொடங்கப்பட்டது. மூன்றே அறைகள். பொறுப்பு டாக்டர் ராஜாம்பாள். எலிகளைப் பார்த்துக்கொள்ள வேணு என்ற உதவியாளர். கிழட்டு எலியை விலைக்கு வாங்க முடியாது. குட்டியிலிருந்து வளர்த்து, அது முடி உதிர்ந்து நடை தளரும்வரை இரண்டு வருஷத்துக்கு மேல் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படி வளர்த்ததை ஒரு காலையில் கொன்று ஈரலை எடுப்பார்கள். அந்த நாட்களில் வேணு மதியச் சாப்பாட்டைத் தொடமாட்டார்.

1980 கோடையில் ராஜாம்பாள் சந்திராவை அழைத்தார்.

"எலி போதும் சந்திரா. நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள மனுஷங்களைப் பார்த்துடணும். உங்க ஊர்ல ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். எத்தனையோ பேர் ஒரே வருஷத்துல சேர்ந்திருக்காங்க. இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

சந்திரா வீடு வீடாகப் போனாள். நாற்பதைத் தாண்டிய மைன்ஸ் தொழிலாளிகளின் ரத்தம் எடுத்தாள். கைப்பிடியின் பலத்தை அளந்தாள். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டு, அது மறுபடி படிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தாள். ஃபோர்மேன் மகள் என்பதால் யாரும் கதவைச் சாத்தவில்லை. காபி கொடுத்தார்கள். வயதைக் கேட்டபோது எல்லோரும் தயங்காமல் சொன்னார்கள்.

முடிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது ராஜாம்பாள் எழுந்து நின்றுவிட்டார். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் பலருடைய உடம்பு, சொன்ன வயதுக்குப் பத்து வருஷம் மூத்ததாக இருந்தது.

"சுரங்கம் இவங்களைச் சீக்கிரம் கிழவனாக்குது. இது வெளியே வந்தா, நாற்பத்தஞ்சுக்கு மேல கனமான வேலை கூடாதுன்னு கேட்கலாம். யூனியன்காரங்க கையில ஒரு ஆதாரம் இருக்கும்" என்றார். 

சில பேரை மட்டும் மறுபடி அளந்து வரச் சொன்னார். அப்படித்தான் சந்திரா இரண்டாம் முறை தெய்வசிகாமணி வீட்டுக்குப் போனாள். கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாரிப்போடும் வேலை அவருக்கு. வயது ஐம்பத்து மூன்று என்று சொல்லியிருந்தார். அவர் மனைவி பெரியநாயகி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பேசினாள்.

"இப்ப தங்கராசு ஒருத்தன்தான் எங்களுக்கு. அவனுக்கு முன்ன ஒருத்தன் இருந்தான். அம்மை வாத்து பூட்டான். இருந்திருந்தா இந்தத் தைக்கு நாப்பத்தொண்ணு முடிஞ்சிருக்கும்."

சந்திரா தாளில் எழுதியிருந்த ஐம்பத்து மூன்றை மறுபடி பார்த்தாள். பெரியநாயகிக்கும் தான் சொன்னது உறைத்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்தாள்.  எதிரில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணிதான் வாயைத் திறந்தார்.

"அறுவத்து மூணு ஆவுதும்மா எனக்கு. வேலைக்கு ஆள் எடுக்கச்சொல்ல, முப்பதுக்கு மேல போனா வாணாம்னுட்டாங்க. சொரங்கத்துக்கு நெலமும் போயிடுச்சி. வேற என்னா பண்றது? முப்பதுன்னேன். அப்ப ஒடம்பு கட்டுமஸ்தா இருந்துச்சி, நம்பிட்டாங்க. நான் மட்டும் இல்ல, எங்கூட வந்து நின்னவனுங்க பாதிப்பேரு அப்பிடித்தான் சொல்லிகினு சேந்தானுங்க."

"ரிட்டயர் ஆக இன்னும் அஞ்சு வருஷம். அதுவரைக்கும் இந்த வேலை பண்ண முடியுமாங்க?"

"முடியணும். தங்கராசு கான்ட்ராக்ட்ல கெடக்கறான். நீ இத எயுதிடாதம்மா."

"எழுத மாட்டேன்" என்றாள் சந்திரா.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். மருதாசலம் செய்தித்தாளை மடித்தார்.

"அப்பா, நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. "ரெக்கார்டுல மூணு வருசம் கம்மிங் கண்ணு" என்றார். பிறகு, "உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது" என்றார்.

அந்த வாரம் முழுவதும் சந்திரா ஆய்வகத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள். பேசாமல் இருந்துவிட்டால் கட்டுரை வெளிவரும். பத்து வருஷம் முந்தி வரும் மூப்பு என்பது பொய்யாக இருந்தாலும், அதனால் தெய்வசிகாமணி போன்றவர்களுக்கு லேசான வேலை கிடைக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ராஜாம்பாள் தன் பெயரை அதற்குக் கீழே போடப்போகிறார். சந்திரா சொன்ன எண்களை நம்பித்தான் போடப்போகிறார். 

திங்கட்கிழமை போய்ச் சொன்னாள். ராஜாம்பாள் குறுக்கிடாமல் கேட்டார்.

"யார் யார்னு சொல்லு. அவங்களை மட்டும் எடுத்துட்டு மீதியைப் பார்க்கலாம்."

"சொல்ல முடியாது மேடம். வேலை போயிடும்."

"என்கிட்டகூடவா?"

"உங்ககிட்டகூட."

ராஜாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அடுத்த அறையில் வேணு கூண்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. "எலிக்குத்தான் பொறந்த நாள் நமக்கு நிச்சயமா தெரியும், இல்லையா?" என்றார்.  கட்டுரை அனுப்பப்படவில்லை. மறு வருஷம் அவர் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு மனிதர்களை அளப்பதில் ஆர்வமில்லை. சந்திரா எலி ஈரலுக்குத் திரும்பினாள்.

1983 ஆவணியில், இரண்டாம் ஷிஃப்டின்போது, தெய்வசிகாமணி பெல்ட்டுக்குப் பக்கத்தில் மண்வெட்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். கூட இருந்தவர்கள் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

சந்திரா அப்பாவோடு போனாள். குவார்ட்டர்ஸ் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். "அம்பத்தாறுதான். போற வயசா இது?" என்று ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியநாயகி நிமிர்ந்து சந்திராவைப் பார்த்தாள். கையை நீட்டிப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். "அறுவத்தாறு வயசுல, கடைசி வரிக்கும் மூச்சு வாங்கிகினேதான் போய்கினு இருந்தாரு" என்றாள் காதோடு. இந்த வார்த்தையை வேறு யாரிடமும் அவள் சொல்லியிருக்க முடியாது.

காரியம் முடிந்த பிறகு சந்திரா கும்பகோணம் போய் ராஜாம்பாளைப் பார்த்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தக் கட்டுரை வந்திருந்தா அவரை லேசான வேலைக்கு மாத்தியிருப்பாங்களா மேடம்?"

"மாத்தியிருக்கலாம். யாரும் படிக்காமலே போயிருக்கலாம்" என்றார் ராஜாம்பாள். "நீ வந்து சொன்னது சரி. நான் நிறுத்தினதும் சரி. அப்படியும் அந்த மனுஷர் செத்துப்போயிட்டார். இதை என்னால ஒண்ணோட ஒண்ணு சேர்க்க முடியலைம்மா."

தங்கராசுவுக்கு அப்பாவின் இடத்தில் பெர்மனன்ட் வேலை கிடைத்தது. சந்திரா ஆராய்ச்சியை முடித்து, கடலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1986-ல் மருதாசலம் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பெரியநாயகி வந்தாள். மடியில் ஒரு துணிமுடிச்சு. உள்ளே வறுத்து உடைத்த முந்திரிப்பருப்பு.

"கடலூர்ல வூடு பாத்துட்டியாம்மா?"

"பார்த்துட்டேன். மாடி வீடு."

"மாடியில அப்பாவ மெதுவா ஏறச்சொல்லு" என்றாள் பெரியநாயகி. லாரி கிளம்பும்வரை வேப்பமரத்தடியில் நின்றிருந்துவிட்டு, பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.