கண்ணை மூடிக்கொண்டு போட்ட சண்டை

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு என்று ஒரு நேரம் கிடையாது. அப்பாவுக்கு என்ன ஷிப்டோ அதுதான் ஆண்டவருக்கும் ஷிப்ட். நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடும் பிரிவில் அப்பாவுக்கு வேலை. முதல் ஷிப்ட் வாரத்தில் விடிவதற்கு முன்பே எங்களை எழுப்பிப் போர்வையோடு பாயில் உட்கார வைத்துவிடுவார். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் ஜெபம். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் வேலை முடிந்து வந்து, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் ஜெபம். அது முடியாமல் அடுப்படியிலிருந்து ஒரு தட்டும் வெளியே வராது. காய்ச்சல் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் இந்தச் சட்டத்துக்கு விலக்கு இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆண்ட்டி தினமும் முருகன் படத்துக்கு விளக்கேற்றுகிறவர். அவர்கூட காப்பித்தூள் கேட்டு வந்தால் வாசலிலேயே நின்று, "ஜெபம் ஆயிடுச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஜெபத்துக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. முதலில் ஒரு பாட்டு. பிறகு அக்கா வேதபுத்தகத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பாள். பிறகு அம்மா வாய்விட்டு ஜெபிப்பாள், அவளுக்கு அடுத்து அப்பா. கடைசியில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கிவைப்பது என் வேலை. வீட்டில் சின்னவள் என்பதால் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது, அதை நான் லேசில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்தவள். அந்தப் பயிற்சி முழுவதையும் எங்கள் இருவர் மீதே பிரயோகித்து வந்தாள். அக்காவும் நானும் களைத்துப்போயிருந்தோம். அந்த வருஷம், கடலூர் போகிற வழியில் இருக்கும் குறிஞ்சிப்பாடியில் ஓர் ஆரம்பப் பள்ளியிலிருந்து அவளுக்கு ஆள் மூலம் சேதி வந்தது. ஓர் ஆசிரியை இடம் காலியாக இருக்கிறது, சனிக்கிழமைக்குள் பதில் சொன்னால் திங்கட்கிழமை சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். எங்கள் நகரியத்தில் எந்த வேலையைப் பற்றிச் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான். அப்பாவும் அதையே கேட்டார்.

"பெர்மனென்ட்டா?"

"இப்போதைக்கு இல்லீங்க. பின்னாடி ஆக்குவாங்களாம்."

"அப்ப பின்னாடி ஆனதும் போயேன்."

அம்மா விருட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவரோடு எதையுமே பேசவில்லை. அப்பாவும் இறங்கி வருகிற ஆள் இல்லை. "தண்ணி வச்சாச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு", "என் சட்ட எங்கன்னு அம்மாவ கேளு" என்று எல்லாச் சேதியும் எங்கள் வழியாகவே போய் வந்தது. ஆனால் ஜெபம் மட்டும் நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவர்கள் இரண்டு பேரும், நேரம் வந்ததும் முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் ஒரே பாயில் உட்கார்ந்துதான் ஆகவேண்டியிருந்தது. தினமும் ஜெபம் செய்ய வேண்டும் என்பதற்குப் போதகர்கள் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் கண்ணால் பார்த்த காரணம் இது ஒன்றுதான்.

சண்டையும் அந்தப் பாயிலேயே தொடர்ந்தது. வெகு மரியாதையாக, கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவர் வழியாக.

"ஆண்டவரே, நீர் கொடுத்த தாலந்தை மண்ணிலே புதைத்துவைத்தாய் என்று அடியாள்மேல் குற்றம் சுமத்தாதேயும். யார் புதைக்கச் சொன்னார்கள் என்பதைத் தேவரீர் அறிவீர்" என்று, எஜமான் கொடுத்த பணத்தைப் புதைத்துவைத்துத் திட்டு வாங்கிய வேதாகம வேலைக்காரனை நினைவூட்டி அம்மா ஆரம்பிப்பாள்.

அடுத்து அப்பா தொண்டையைச் செருமிக்கொள்வார். "பரலோகத் தகப்பனே, குருவிக் கூட்டைப் போன்ற இந்தக் குடும்பம் சிதறிப்போகாதபடி காத்தருளும். இருக்கிறது போதும் என்கிற மனதை எங்கள் எல்லாருக்கும் தாரும்." 'எல்லாருக்கும்' என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் உயரும்.

மறுநாள் அம்மா, "பெர்மனென்ட் என்று இந்தப் பூமியில் ஒன்றுமே இல்லை என்பதை இந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு உணர்த்தும் சுவாமி" என்றாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை என்றாலும், அந்த வாரம் ஜெப நேரத்தில் ஒரு நாளும் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, ஜெபிக்க ஆரம்பித்தார். வழக்கம்போல நல்ல வேதத் தமிழில்தான் தொடங்கினார். போகப் போக அந்தத் தமிழ் கழன்று விழுந்து, அவர் பிறந்து வளர்ந்த ஊர்ப்பேச்சு வெளியே வந்துவிட்டது.

"ஆண்டவரே, நான் செகண்ட் ஷிப்ட்ல இருந்தா பசங்க ஸ்கூல் வுட்டு வரப்போ வூட்ல யாரு இருக்கா? அவ பஸ் புடிச்சி வர்ற வரைக்கும் ரெண்டும் பூட்டுன வூட்டு வாசல்ல குந்திகினு இருக்கணுமா? யாரு பார்த்துக்குவா? நீரே சொல்லும் ஆண்டவரே, யாரு பார்த்துக்குவா?"

அதோடு நிறுத்தினார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பது தப்பு என்று அம்மா எங்களுக்குப் பழக்கியிருந்தாள். ஆண்டவரும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. எனக்கு விடை தெரிந்திருந்தது. கண்ணைத் திறக்காமல் சத்தமாகச் சொன்னேன்.

"பக்கத்து வூட்டு ஆண்ட்டி பார்த்துக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டாங்கப்பா. முறுக்குகூட தருவாங்களாம்."

அக்கா 'களுக்' என்றாள். என் தொடையில் அம்மாவின் கிள்ளு விழுந்தது. அவள் கொல்லைப்புறச் சுவரோரம் ஆண்ட்டியோடு ரகசியமாகப் பேசி முடித்துவைத்திருந்த ஏற்பாடு அது. நான் கண்ணைத் திறந்தபோது அப்பா கண்ணைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபத்தின் நடுவில் அவர் கண் திறந்து நான் பார்த்ததே இல்லை. "ஆமென்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லாமலே முடிந்து, என் பதவி பறிபோனதில் நான் ஓவென்று அழுதேன். அம்மாவுக்கோ வேறு கவலை. "மறைச்சி செஞ்சேன்னு நெனச்சிக்குவாரே" என்று அன்று முழுக்க அக்காவிடம் புலம்பினாள். அப்பா சாப்பிட்டார், தூங்கினார், இரவு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். எங்கள் வழியாகக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஷிப்ட் முடிந்து எங்கள் பிளாக்குக்கு வருகிற சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. ஆண்ட்டி வீட்டு அங்கிள் குளித்து முடித்துப் பேப்பரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். அப்பாவைக் காணோம். பாய் விரித்தபடி கிடந்தது, உப்புமா மூடியபடி இருந்தது. அம்மா வாசல் கேட்டுக்கும் அடுப்படிக்கும் நடையாக நடந்தாள்.

"கோச்சிக்கினு ஜெபத்துக்கே வராம இருந்துடுவாரோ?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே பயம் வந்துவிட்டது. அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஜெபம் இல்லாமல் ஒரு நாள் போனதில்லை. விரித்திருந்த பாயை ஒரு தடவை பார்த்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டாள்.

"அப்பா வந்ததும் சொல்லிடு. அம்மா வேலைக்குப் போவலையாம்னு சொல்லு. வேலை போனா போவுது."

அவள் குரல் உடைந்திருந்தது. பாடம் நடத்தும்போது அவளுக்கு எவ்வளவு கணீரென்று குரல் வரும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஏனோ எனக்கும் அழுகை வந்தது.

அப்போதுதான் அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் சுரங்கத்துத் தூசியோடு அப்படியே உள்ளே வந்தார். "அப்பா, அம்மா வந்து..." என்று அக்கா வாயெடுத்தாள். "எதுவா இருந்தாலும் ஜெபம் முடியட்டும்" என்று கை காட்டிவிட்டு, கை கால் மட்டும் கழுவிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். குளிக்காமல் அவர் ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் அதுதான் முதல் தடவை.

பாட்டு பாடினோம். அக்கா வாசித்தாள். அம்மா, "ஆண்டவரே, உமது சித்தம்போல ஆகட்டும்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஆண்டவரே, ஏழரை கடலூர் வண்டில பயங்கர கூட்டம். ஏறவே முடியாது, ஏறினாலும் வடலூர் வரைக்கும் நின்னுகினுதான் போகணும். அதுக்கு முன்னாடி ஒரு வண்டி காலியா போவுது. திங்கக்கெழமை உம்முடைய அடியாளுக்கு அதுல ஜன்னலோரமா ஒரு சீட்டு கெடைக்கும்படி கிருபை செய்யும். சின்னவ பக்கத்து வூட்டு முறுக்க மொத்தமா தின்னு வயித்த கெடுத்துக்காம பார்த்துக்கும்."

இந்தத் தடவை பதில் சொல்லக் கூடாது என்று நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். பதில் அம்மாவிடமிருந்துதான் வந்தது. தெருவுக்குக் கேட்கிற சத்தத்தில், "ஆமென்" என்றாள். நான் உடனே என் வேலையைத் தொடங்கிவிட்டேன். இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சொல்வதுபோலச் சொன்னேன்.

முடிந்து எழுந்ததும் அம்மா அப்பாவைப் பார்த்து, எங்கள் யார் மூலமாகவும் இல்லாமல், "குளிச்சிட்டு வாங்க, டிபன் எடுத்து வைக்கிறேன்" என்றாள். மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அப்பாவுக்கு எப்படி பஸ்ஸெல்லாம் தெரியும்?" என்று நான் அக்காவிடம் கேட்டேன். சைக்கிளைத் தவிர வேறு எதிலும் வேலைக்குப் போகாதவர் அவர். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "ஆண்டவர் சொல்லியிருப்பாரு" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மா அந்த வண்டியில் வருஷக்கணக்காகப் போய் வந்தாள், வேலையும் ஒருநாள் பெர்மனென்ட் ஆனது. அதன் பிறகுதான் எனக்கு ஒருநாள் உறைத்தது. ஆண்டவரிடம் கேள்வி கேட்ட மனிதர், இராத்திரி முழுக்க நின்று வேலை செய்த காலோடு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். வருகிற ஒவ்வொரு கடலூர் வண்டியிலும் எட்டிப் பார்த்து, அம்மாவுக்கு உட்கார இடம் இருக்குமா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றைய ஜெபத்தை அவர் அங்கேயே ஆரம்பித்துவிட்டார் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா லேட்டாக வந்ததால் உப்புமா ஆறிப்போனது மட்டும்தான்.