குகட்பள்ளியில் அக்காவின் கொம்பு

ஹைதராபாத்துக்கு எல்லோரும் பிரியாணிக்குப் போவார்கள். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை நான் போனது என் அக்கா ஊதுவதைக் கேட்க. பாலாநகரில் பொறியாளராக இருக்கும் அவள், நாற்பத்தைந்து வயதில் பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளைக் கொம்பைக் கற்கத் தொடங்கினாள். அவள் ஊதுவது அந்தப் பகுதிக்காரர்களே சேர்ந்து நடத்தும் காற்று வாத்தியக் குழுவில். கொம்பும் குழுவினுடையதுதான்.

சென்னையிலிருந்து இரவு ரயில். காலையில் செகந்திராபாத்தில் இறங்கி மெட்ரோ பிடித்தேன். அமீர்பேட்டில் வண்டி மாறி, குகட்பள்ளிக்கு முக்கால் மணி நேரம். ஆட்டோக்காரர்களிடம் வாயைக் கொடுக்காமல் போக இதுதான் வழி.

மாலையில் அத்தானின் சின்னக் காரில் கிளம்பினோம். கொம்புப் பெட்டி டிக்கியில். அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏல, போன வருசம் சோலோவுல மொத நோட்டே உடைஞ்சிட்டு. இன்னைக்கும் உடைஞ்சா கொம்பக் குழுகிட்டயே குடுத்துருவேன். பெட்டி வீட்டுக்கு வராது."

"அம்மகி சாலா பயம், மாமா," என்றாள் அவள் மகள் நிலா. அம்மாவுக்கு ரொம்பப் பயமாம். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

சமூகக் கூடத்துக்குள் நுழைந்ததும் பல் கிட்டியது. கூடத்தின் கமிட்டியில் இருக்கும் அத்தான், மதியமே ஏசியைப் பதினெட்டில் போட்டு வைத்திருக்கிறார். "வாரவங்களுக்கு வேர்க்கக் கூடாதுல்லா!" திருநெல்வேலி விருந்தோம்பல். ஆனால் குளிரில் பித்தளையின் சுருதி இறங்கிவிடுமாம். குழுவை நடத்தும் ராவ் சார் தலையில் கை வைத்தார். ஏசி அணைந்தது, கூட்டம் சேரச் சேரப் புழுங்கியது, ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

ஆறரைக்குத் தொடங்கிய கச்சேரி நன்றாகவே போனது. மூன்றாவது உருப்படியில் அக்காவின் முறை. அவள் கொம்பைத் தூக்கவும், திறந்த ஜன்னல் வழியே கல்யாண ஊர்வலம் ஒன்று பேண்டும் குதிரையுமாக உள்ளே வராத குறையாக வந்து நின்றது.

ராவ் சார் கையை இறக்கினார். யாரும் வாத்தியத்தைக் கீழே வைக்கவில்லை. வாத்தியம் ஆறிச் சுருதி இறங்கிவிடாமல் இருக்க அத்தனை பேரும் சத்தமில்லாமல் உள்ளே மூச்சை ஊதிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

ஏசிக்குப் பிராயச்சித்தமாக அத்தானே வெளியே ஓடினார். பேண்டு மாஸ்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஹவ் சாப், ஆமா, இவங்களும் நம்ம ஆளுங்கதானே!" என்று உருதுவில் சொல்லிவிட்டுத் வாசிப்பை நிறுத்தச் சொல்லித் தன் ஆட்களுக்குக் கை காட்டினார். மாப்பிள்ளை குதிரைமேல் காத்திருந்தார், பாவம்.

அக்கா ஊதினாள். முதல் சுரம் உடையவில்லை. இரண்டாவதும் உடையவில்லை. கூடத்தில் விசிறிக்கொண்டிருந்த கைகள்கூட நின்றுவிட்டன. கடைசிச் சுரம் அடங்கியதும் ஜன்னலிலிருந்து பேண்டு மாஸ்டர், "வாஹ்!" என்றார்.

இந்த மாதிரிக் கச்சேரியில் நடுவே வாய் திறக்கக் கூடாது. ஆனால் இது ஹைதராபாத். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற உதட்டால் கொம்பு ஊத முடியாது. எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் அடுத்த இடத்தில் அவள் சுரம் பட்டென்று உடைந்தது. ராவ் சாரும் சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இலவசம். முன்வரிசைக்கு அடித்துப்பிடித்து ஓட வேண்டாம். கொம்பின் வாய் பின்பக்கம் பார்ப்பதால் ஒலி சுவரில் பட்டுத்தான் வரும், நடுவரிசையே நல்லது. கைவிசிறி கொண்டுபோங்கள். என் அத்தானை ஏசி பக்கம் விடாதீர்கள்.

கூடத்திலிருந்து அக்கா வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். காரில்தானே போனாய் என்று கேட்பீர்கள். திரும்பும்போது எனக்கு இடமில்லை. பின்சீட்டில் கொம்புப் பெட்டி படுத்திருந்தது, நிலா அதன்மேல் கை போட்டு உட்கார்ந்திருந்தாள்.