ஒரே புரோகிராமில் இரண்டு சேமிப்பு வழிகள்

பார்த்த நாளிலிருந்தே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. சிரம்பானில் ஒரு ரப்பர்த் தோட்டக் கம்பெனியின் அலுவலகத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் பதிவேட்டை ஜாவாவில் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டு ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸில் சேமிக்கவும் திரும்ப எடுக்கவும் சொந்தமாக ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி வைத்திருந்தேன். தொழிலாளர் பதிவேட்டை எழுத கோலாலம்பூரிலிருந்து வந்தவன், அதே வேலைக்கு விலைக்கு வாங்கிய வேறொன்றைக் கொண்டுவந்தான். என்னுடையதைப் பார்த்துவிட்டு, மேனேஜர் முன்னாலேயே, "இது ஸ்கூல் பிள்ளைங்க எழுதின மாதிரி இருக்கு லா" என்றான்.

எதை வைத்துக்கொள்வது என்று இரண்டு வாரம் மல்லுக்கட்டினோம். மேனேஜருக்கு அலுத்துவிட்டது. "ரெண்டும் இருக்கட்டும் லா, ஓடினா போதும்" என்று எழுந்து போனார்.

இரண்டையும் ஒரே புரோகிராமில் வைக்கலாம், குற்றமில்லை. ஆனால் ஒரு பதிவை எழுதும் முன், நாம் படித்த பிறகு வேறு யாராவது அதை மாற்றினார்களா என்று பார்க்க வேண்டும். புரோகிராமில் அவன் எழுதிய பாதி அப்படிப் பார்க்காது. காலையில் வீட்டுப் பதிவின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு மாலைவரை அதையே நம்பும். எனக்கு அது தெரியும். அவன் மூக்குடைபடட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

சோதனை செய்யும்போது அவன் இறந்த தொழிலாளியின் பெயரை முதலில் நீக்குவான், பிறகு வீட்டை வேறு ஆளுக்கு மாற்றுவான். எல்லாம் சரியாக ஓடியது. தோட்டத்தில் கணக்கெழுதும் எந்தக் கிராணியும் அப்படிச் செய்யமாட்டார். வேலையோடு வரும் வீடு புருஷன் பெயரில்தான் இருக்கும். அவர் பெயரை முதலில் அடித்தால் வீடு காலி என்றாகி, ஆட்களை மேய்க்கும் மண்டோர் தனக்கு வேண்டிய ஆளைக் குடிவைத்துவிடுவார். அதனால் கிராணி வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் இறந்தவரை நீக்குவார். அப்பா செத்தபோது எங்கள் வீடு அம்மாவுக்கு நின்றது இப்படித்தான். இதையும் நான் அவனிடம் சொல்லவில்லை.

கம்பெனியின் ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்று விலைபோனது. பதிவேட்டில் பெயருள்ள குடும்பத்துக்கெல்லாம் ஒரு தரைவீடு தருவதாகப் பேச்சு. அந்த வாரம் அங்கே பால்மரம் சீவுகிறவர் ஒருவர் இறந்தார். கிராணி என் திரையில் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றினார். பிறகு அவன் திரையில் இறந்தவரை நீக்கினார். அவன் பாதி, காலையில் எடுத்த பழைய நகலில் இறந்தவர் பெயரைத் துடைத்துவிட்டு, என் பாதி எழுதியதன் மேலேயே எழுதியது. வீடு காலி என்று அச்சாகி, பட்டியல் தோட்டத்தை வாங்கியவர்களிடம் போய்விட்டது.

அந்த அம்மா கிராணியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"காலையில சோறாக்கி வச்சிட்டு வந்த வீடு. அதை எப்படிங்க காலின்னு எழுதுவீங்க?"

கையெழுத்தான பட்டியலை இனி திருத்த முடியாது என்றார் மேனேஜர். கோலாலம்பூர்க்காரன் தன் பதிவுகளைக் காட்டி, "என் பக்கம் கிளியர்" என்றான். வெட்கமில்லாமல் நானும் என்னுடையதைக் காட்டினேன். அதுவும் கிளியர்தான். கிராணியையும் அந்த அம்மாவையும் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

நான் என் இடத்துக்குப் போய், மாதக்கணக்கில் எழுதாமல் வைத்திருந்த, பதிவு இடையில் மாறியதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை எழுதி இரண்டு பாதிக்கும் நடுவில் போட்டேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தபோது கிராணி பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். "எப்பவும் செய்யற மாதிரிதான் செஞ்சேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியலையே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

"தங்கச்சி, நீயும் தோட்டத்துப் புள்ளதானாமே. நெசத்தச் சொல்லு. இவருதான் தப்பா அடிச்சிட்டாரா?"

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக நானும் அவனும் ஒரே கட்சி.

"அப்படித்தான் இருக்கும்க்கா" என்றேன்.