வெறும் வயிற்றில் நாலு குளிசை

என் கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம் நான் கத்துவேன் என்று பசறை முழுக்கப் பேச்சு. கத்துவேன்தான். கத்த வேண்டிய ஒருவனிடம் கத்தாமல் பல்லிளித்து நின்றேனே, அதிலிருந்து வந்த பழக்கம் இது.

அவன் பெயர் கந்தப்பன். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக்காரன்; குனிந்தே நின்று தேயிலைச் செடியை வெட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கபடி. பாடிக்கொண்டு எதிரணிக்குள் இறங்கினான் என்றால், நாலு பேர் சேர்ந்து அமுக்கினாலும் கோட்டைத் தொட்டுவிடுவான். தொண்ணூற்றாறில் அவனுடைய வலது முட்டி பிசகியது. அன்றிலிருந்து வலிக்குளிசைக்கு என்னிடம் வந்தான். டொக்டர் எழுதின துண்டு கேட்காமல் கொடுத்தேன். அவன் ஆட்டத்தில் எனக்குப் பைத்தியம், வேறென்ன!

"சாப்பிட்டுட்டுப் போடுடா" என்பேன்.

"வயித்துல சோறு கெடந்தா மூச்சு நிக்காது, ஸலீம் நானா." அண்ணன் என்கிற மாதிரி என்னை நானா என்றுதான் கூப்பிடுவான்.

அவர்கள் குழுவில் அப்படியொரு வழக்கம். ஆட்ட நாளில் காலையிலிருந்து யாரும் எதுவும் தின்ன மாட்டார்கள், வெறும் தேயிலைச் சாயத்தண்ணிதான். மற்றவர்களுக்கு அது பசியோடு போயிற்று. இவன் அந்த வெறும் வயிற்றில்தான் குளிசையைப் போட்டான்.

தொண்ணூற்றெட்டு தைப்பொங்கல் இறுதிப் போட்டி. காலையிலேயே இரண்டு போட்டிருந்தான். இடைவேளையில், கோட்டோரம் நின்ற என்னிடம் வந்து மறுபடி கை நீட்டினான். முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இன்னும் இரண்டு கொடுத்தேன். ஆட்டம் தொடங்கி, பாடிக்கொண்டு போனவனின் பாட்டு நடுவில் நின்றது. குனிந்து வாந்தி எடுத்தான். கோப்பித் தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக வந்தது. யா அல்லாஹ் என்று கத்திக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வளைவிலும் அவன் தலை அவன் மனைவி விஜிதாவின் மடியில் உருண்டது.

டொக்டர் இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். "கசிப்புக் குடிச்சவரோ?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு குடிக்கவே மாட்டாருங்க!" விஜிதா அலறினாள்.

"அப்ப என்ன எடுத்தவர்? தெரிஞ்சால்தான் கெதியா வைத்தியம் செய்யலாம்."

கந்தப்பனுக்கு நினைவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் என் கடையை மூடிவிடுவார்கள். வாயைத் திறக்காமல் நின்றேன். அவள் சேலையில் கறுப்புக் கறை பரவிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"நாலு வலிக்குளிசை, டொக்டர். வெறும் வயித்துல. நான்தான் குடுத்தேன். ரெண்டு வருஷமா குடுக்கிறேன்."

விஜிதா திரும்பிப் பார்த்தாள். "நீங்களா குடுத்தீங்க, ஸலீம் நானா?" அவ்வளவுதான் கேட்டாள்.

குளிசை வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே இரத்தம் கசிந்திருந்தது; இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தான். கபடியை விட்டான். என் கடையைக் கொஞ்ச காலம் மூடவைத்தார்கள், பிறகு திறந்தேன்.

ஏழு மாதம் கழித்து, கடை வாசலில் வந்து நின்றான். "ரெண்டே ரெண்டு, நானா."

"அறிவு கெட்டவனே! இன்னும் உனக்கு விளையாட்டுக் கேக்குதா?"

"விளையாட்டு இல்ல நானா. கவ்வாத்து தொடங்கியாச்சு. முட்டி மடங்க மாட்டேங்குது. விளையாட்ட விட்டுட்டேன், வேலைய எப்படி விடுறது?"

கொடுக்க மாட்டேன் என்றேன். அவன் நொண்டிக்கொண்டே தெருவைத் தாண்டினான். எதிர்ப்பக்கம் இன்னொரு மருந்துக்கடை இருக்கிறது. அவன் வயிற்றில் நடந்தது அங்கே யாருக்கும் தெரியாது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன்.